மாமாவின் ஆர்மோனியம்: நாலரைக் கட்டையைத் திருத்தாமல் விட்டது ஏன்

மாமாவின் ஆர்மோனியப் பெட்டி மறுபடியும் காற்றுப் பிடிக்கிறது. துருத்தியை ஒரு முறை நிறைத்துவிட்டு ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் 18 விநாடி வரை சத்தம் அறுபடாமல் நிற்கிறது. வேலையைத் தொடங்கும்போது, எந்தக் கட்டையையும் தொடாமலே 3 விநாடியில் துருத்தி சுருங்கிவிடும்.

நம் ஊரில் எத்தனையோ வீடுகளில், கோவில் சாமான் அறைகளில், இப்படிப்பட்ட பெட்டிகள் துணி போர்த்திக் கிடக்கின்றன. திறந்தால் கெட்டுவிடுமோ என்று யாரும் கை வைப்பதில்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் இதில் எனக்குக் கடினமாக இருந்தது மரமோ தோலோ அல்ல. மாமா இந்தப் பெட்டியைப் பலமுறை தன் கையாலேயே பழுது பார்த்திருக்கிறார். அவர் கைவேலையில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது என்று ஒவ்வோர் இடத்திலும் யோசிக்க வேண்டியிருந்தது.

மாமா என்பது என் மனைவியின் அப்பா. போன ஆண்டு தவறினார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெஸராக இருந்தவர். தோட்டத்து மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போடுவது, தையல் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, பிரசவத்துக்கு ராத்திரியில் ஓடுவது எல்லாம் டிரெஸர் வேலைதான். 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலையில் படித்துவிட்டு, தோட்டத்து மருத்துவமனையில் கூட்டித் துடைக்கும் பையனாகச் சேர்ந்தார். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. பதிவு இல்லாமல் அந்த வேலையில் நிலைக்க முடியாது என்று தெரிந்ததும் மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து ஆங்கில மருத்துவப் புத்தகங்களைப் படித்துப் பதிவு வாங்கினார். அந்தப் படிப்புப் பழக்கம் கடைசி வரை போகவில்லை. பண் வரிசை, மரங்களின் பெயர், குருவிகளின் குரல் என்று எதையாவது எழுதி வைத்துக்கொண்டே இருப்பார்.

பெட்டி அவர் கைக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. அதைத் தடுக்கத்தான் எங்கள் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (வெள்ளி எங்கள் ஊர்ப் பணம்) திரட்டித் தோட்டங்களை வாங்கினார். ஆனாலும் எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்துத் தோட்டம் ஒன்று துண்டாகிப் போனபோது அங்கிருந்த நாடகக் குழுவும் கலைந்துபோனது. அந்தக் குழுவின் பெட்டியை மாமா 60 வெள்ளிக்கு வாங்கினார். அப்போது அவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அத்தை இன்றைக்கும் அந்த 60 வெள்ளியைச் சொல்லிக் காட்டுவார்.

பெட்டி 37 கட்டை, மூன்று ஸ்தாயி. ஒவ்வொரு ஸ்தாயியிலும் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணுவார்கள்; நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று போகும். சத்தம் எழுப்பும் பித்தளை நாக்குகளான ரீடு இரண்டு வரிசை. ஆக 74 ரீடுகள். தேக்கு மரம். பின்பக்கம் கையால் அடிக்கும் துருத்தி, அடியில் காற்றைச் சேர்த்து வைக்கும் உள்துருத்தி. என் வேலை ஏர்கான் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். காற்று எங்கே கசிகிறது என்று தேடுவது எனக்குப் பழகிப்போனது. அந்தத் தைரியத்தில்தான் தொட்டேன்.

முதல் வேலை ஸ்குரூக்களைக் கழற்றுவது. மேல்மூடியில் இருந்த பித்தளை ஸ்குரூக்கள் பிரச்சினை இல்லாமல் வந்தன. அடிப்பலகையில் இருந்தவை இரும்பு. துருப்பிடித்து மரத்தோடு மரமாக இருந்தன. இதற்குப் பலம் காட்டக்கூடாது, தலை நசுங்கிவிடும். சால்டரிங் அயர்னின் முனையை ஸ்குரூ தலைமேல் அரை நிமிடம் வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டு, அப்புறம் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு விடுகிறது. திருப்புளி முனை காடியை முழுதாக நிறைக்க வேண்டும். நான் ஒரு பழைய திருப்புளியை அரத்தால் தேய்த்து அதற்கென்றே அளவாக்கிக்கொண்டேன்.

கட்டைகள் எல்லாம் ஒரே ஒரு நீளக் கம்பியில் கோத்திருக்கும். கம்பியை உருவுவதற்கு முன் ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட வேண்டும். வரிசை மாறினால் எதுவும் சரியாக உட்காராது. பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தால், கட்டைகளின் வால் பகுதியில் ஏற்கனவே எண் போட்டிருந்தது. ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள். 37 வரைக்கும் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பென்சிலால் எழுதி, அது அழியாமல் இருக்க மேலே மெல்லியதாக வார்னிஷ் தடவியிருந்தார். மருந்துப் புட்டிகளில் ஒட்டும் சீட்டுக்கும் இப்படித்தான் வார்னிஷ் பூசுவார் என்று அத்தை சொன்னார். நான் என் பென்சிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உள்ளே தூசி, பல்லி முட்டை ஓடுகள், காற்றறையின் ஒரு மூலையில் காய்ந்துபோன குளவிக்கூடு. மெல்லிய தூரிகையும் கை வாக்குவமும் போதும். ஏர் கம்ப்ரஸரை வைத்து ஊதக்கூடாது. ரீடின் நாக்கு வளைந்துவிடும், தூசி நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய் அடைந்துகொள்ளும்.

தூசி போனதும் மாமாவின் வேலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. துருத்தியின் மூலைகளில் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டர், மூன்று நான்கு அடுக்காக. துருத்தியின் கீல் பக்கத் தோல் கிழிந்த இடத்தில் கறுப்புப் பட்டு நூல் தையல். ஆஸ்பத்திரியில் சதைக்குப் போடும் அதே நூல். ஒரே இழையாக ஓடும் தையல் இல்லை. ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி முடிச்சு. காயத்துக்கு அப்படித்தான் போடுவார்கள், ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். சுமார் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் 14 தையல், எல்லாம் ஒரே சீர். சில கட்டைகளின் கீழ் இருந்த ஸ்பிரிங், சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து எடுத்த ஒற்றை இழையில் செய்தது. ரீடு பலகை காற்றறைமேல் உட்காரும் விளிம்பில், ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் ரப்பர் குழாயை நீளவாக்கில் வெட்டிப் பட்டையாக ஒட்டியிருந்தார்.

அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இவற்றுக்கெல்லாம் கணக்கு இருந்தது. "துருத்தி வடமேற்கு மூலை, பிளாஸ்டர், 2 அங்குலம்" என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியே பிளஸ் ஆற்றங்கரையில் காலை 7.10க்குக் கேட்ட ஒரு குருவியின் குரல். இரண்டையும் அவர் வேறு வேறு நோட்டில் எழுதவில்லை.

சரி, கசிவுக்கு வருகிறேன். ஏர்கான் வேலையில் பயன்படுத்தும் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் காற்றறையின் குமிழ் ஓட்டையில் செருகிச் சுற்றிலும் களிமண் வைத்து அடைத்தேன். துருத்தியை அடித்தால் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு வேகமாக அடித்தாலும் 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறவில்லை. இப்போது 6 சென்டிமீட்டர் ஏறி நிற்கிறது. கசிவு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஊதுவத்தி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, துருத்தியை மெதுவாக அமுக்கிக்கொண்டே புகையை மடிப்பு மடிப்பாக நகர்த்திப் பார்த்தால், காற்று வெளியே வரும் இடத்தில் புகை விலகி ஓடும். அந்த இடங்களைச் சாக்குக் கட்டியால் குறித்தேன்.

மாமா போட்ட 14 தையலில் ஓர் இடத்தில்கூடப் புகை அசையவில்லை. பிளாஸ்டர் ஒட்டிய மூலைகள் அத்தனையும் கசிந்தன. ரப்பர் பட்டை வைத்த விளிம்பு பாதிக்கு மேல் கசிந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. அந்தப் பிளாஸ்டரின் பசையே ரப்பர் சேர்ந்தது. நாளாக ஆக அது இளகி, பாகு மாதிரி வழிந்து, துணி மட்டும் தனியாக நிற்கிறது. ரப்பர் பட்டைக்கு இன்னொரு கேடு, பித்தளை. செம்பு கலந்த எதுவும் ரப்பரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். தோட்டத்து ஸ்டோரில் பால் படும் பாத்திரங்களில் செம்பு, பித்தளை சேர்க்கமாட்டார்கள் என்பது பால்மரம் வெட்டிய எல்லாருக்கும் தெரியும். அதேபோல், பதப்படுத்திய ரப்பரில் இருக்கும் கந்தகம் பித்தளையைக் கறுக்க வைக்கும். விளிம்பை ஒட்டியிருந்த ரீடுகள் எல்லாம் அதனால்தான் கரியாக இருந்தன. அந்த நாளில் சுங்கை சிப்புட்டில் வேறு என்ன கிடைத்திருக்கும்? கையில் இருந்ததை வைத்துச் செய்திருக்கிறார். பெட்டி பல ஆண்டு பாடியிருக்கிறது.

பிளாஸ்டரை எடுக்கப் போகிறேன் என்றதும் அத்தை முகம் மாறிவிட்டது. "மாப்பிள்ளை, அந்த மூலையில இருக்கறது பெரியவளுக்கு அம்மை போட்ட வருஷம் ஒட்டினது. புள்ள அழுதா பாடிக்காட்டுவாரு. துருத்தி கிழிஞ்சும் பாட்டை நிறுத்தல" என்றார். நான் பதில் சொல்லாமல் பிளாஸ்டரின் அடியில் இருந்த பிசுக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே, "கட்டுன்னா மாத்தத்தான் வேணும். அவரு இருந்தா அவரே மாத்தியிருப்பாரு" என்றார். அங்கேதான் எனக்கு ஒரு வழி கிடைத்தது. வேலை செய்கிற பழுது இருக்கட்டும், கெட்டுப்போனதை மாற்றலாம். தையலைத் தொடவில்லை. பிளாஸ்டரும் ரப்பரும் வெளியே வந்தன.

துருத்தி மூலைகளுக்கு ஆட்டுத்தோல் வேண்டும். ஈப்போவில் தோல் வேலை செய்யும் ஒருவரிடம் முதலில் கிடைத்தது 1.2 மில்லிமீட்டர் கனம். அதை ஒட்டிக் காயவைத்த பிறகு துருத்தி முழுதாக மூடவில்லை. மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது மூலை மட்டும் தடித்து நிற்கிறது. பிரித்து எடுத்துவிட்டு 0.6 மில்லிமீட்டர் தோல் தேடிப் பிடித்தேன். மெல்லிய தோல் தாங்குமா என்ற சந்தேகம் வேண்டாம். துருத்தி மூலைக்கு வலுவைவிட வளைவுதான் முக்கியம். ஓரங்களை இன்னும் மெல்லியதாகச் சீவ வேண்டும். இதற்கு மாமாவின் தகரப்பெட்டியில் இருந்த 3ஆம் எண் அறுவைக் கத்திப் பிடியையே பயன்படுத்தினேன். அதில் மாட்டும் 11ஆம் எண் பிளேடு இன்றும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. கண்ணாடித் துண்டின்மேல் தோலை விரித்து, பிளேடைப் படுக்கையாகப் பிடித்து இழுத்தால் வெண்ணெய் சீவுவதுபோல் வருகிறது.

பழைய பசை வச்சிரம், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது. சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் இளகி விட்டுவிடும். மரம் சேதமாகாது. திரும்ப ஒட்டுவதற்கு வச்சிரமா, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையா என்று யோசித்து, துருத்திக்கு வெள்ளைப் பசையும், ரீடு பலகை பக்கம் வச்சிரமும் வைத்தேன். துருத்தி நம் ஊர் ஈரத்தில் கிடக்க வேண்டியது. வச்சிரம் பூசணம் பிடிக்கும், இளகும். ஆனால் ரீடு பலகையைப் பின்னாளில் யாராவது மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். அங்கே இளகி வரும் பசைதான் நல்லது. காயவைக்க ஏர்கான் அறையில் வைத்தேன். வெளியே தாழ்வாரத்தில் வைத்த சோதனைத் துண்டு மறுநாள் வரை ஈரமாகவே இருந்தது.

ரப்பர் பட்டைக்குப் பதிலாக அதே ஆட்டுத்தோல், சொரசொரப்பான பக்கம் மேலே பார்த்தபடி. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஓட்டையை மூடும் சின்னப் பலகைக்கும் புதுத்தோல். இதற்கு ஒரு குறிப்பு: பசையைப் பலகை முழுக்கப் பூசக்கூடாது. நடுவில் மெல்லிய கோடாக இருந்தால் போதும். முழுக்கப் பூசினால் தோல் விறைத்து, ஓட்டையின் விளிம்பில் படிந்து உட்காராது. பிரேக் கம்பி ஸ்பிரிங்குகளில் மூன்று துருவேறியிருந்தன; 0.8 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியில் புதிது வளைத்தேன். மற்றவை அப்படியே இருக்கின்றன.

இனி ரீடு. இந்த வேலையில் என் மனம் முழுக்க நின்றது இங்கேதான்.

ரீடு என்பது ஒரு பித்தளைச் சட்டம், அதன்மேல் ஒரு முனையில் தறைந்த பித்தளை நாக்கு. அவ்வளவுதான். நாக்கின் நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். தறைந்த அடிப்பக்கத்தைச் சுரண்டினால் நாக்கு தளர்ந்து சுருதி இறங்கும். சுரண்டும்போது நாக்குக்கு அடியில் தாங்கல் வேண்டும். கப்சாய் மோட்டார் சைக்கிளின் டேப்பெட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் தகடு, 0.05 மில்லிமீட்டர், அதற்குச் சரியாக இருக்கிறது. முனை உடைந்த ரீடு ஒன்றே ஒன்று. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் மாற்று கிடைத்தது. கறுத்த ரீடுகளைப் பளபளக்கத் தேய்க்கவில்லை. தேய்த்தால் பித்தளையும் சேர்ந்து போகும், சுருதி மாறும். மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, தடித்த படலத்தை மட்டும் தட்டி எடுத்துத் தூரிகையால் துடைத்தேன்.

சுத்தம் செய்வதற்கு முன்பே, கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்து 74 ரீடுகளையும் அளந்து எழுதிக்கொண்டேன். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். பெரும்பாலான ரீடுகள் அளவைவிட 5 முதல் 9 சென்ட் இறங்கியிருந்தன. அழுக்குச் சேர்ந்த பெட்டியில் இது சாதாரணம். ஆனால் சில மட்டும் 20, 22 என்று அதிகமாக இறங்கியிருந்தன. அவை கெட்டுப்போன ரீடுகள் என்று தனியாகக் குறித்து வைத்தேன்.

சுத்தம் செய்த பிறகு மறுபடியும் அளந்தேன். மற்ற ரீடுகள் எல்லாம் ஒன்றிரண்டு சென்ட் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டன. இறங்கியிருந்தவை மட்டும் 14 சென்ட் பக்கத்திலேயே நின்றன. பட்டியலை விரித்துப் பார்த்தபோதுதான் ஒரு ஒழுங்கு தெரிந்தது. நாலரைக் கட்டை மூன்று ஸ்தாயியிலும், இரண்டு வரிசையிலும். ஏழாம் கட்டையும் அப்படியே. மொத்தம் 12 ரீடு. அழுக்கோ துருவோ இப்படிக் கட்டை பார்த்துப் பிடிக்காது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், 12 நாக்குகளிலும் தறைந்த அடிப்பக்கத்தில் குறுக்காக மெல்லிய கீறல்கள். மற்ற ரீடுகளில் அப்படி ஒன்றுமில்லை. பிளேடு பட்ட தடம். மாமா வேண்டுமென்றே இறக்கியிருக்கிறார்.

பாட்டுத் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கியிருக்கும். எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாமா பாடுவது இரண்டு கட்டை, அதாவது அவர் குரலின் ஸட்ஜம் (ஸ) இரண்டாம் கட்டையில். இரண்டு கட்டையில் ஸட்ஜம் வைத்தால் அந்தரகாந்தாரம் (க) விழுவது நாலரைக் கட்டையில், சதுஸ்ருதி தைவதம் (த) விழுவது ஏழில். ஆர்மோனியம் எல்லாக் கட்டைகளையும் சம தூரத்தில் வைத்திருப்பதால் அதன் காந்தாரம் தம்புராவோடு சேரும் காந்தாரத்தைவிட 14 சென்ட் உயரம். தைவதம் 16 உயரம். இந்தக் கட்டி வைத்த சுரங்களைக் குற்றம் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971இல்தான் அதைத் தளர்த்தியது. மாமா அந்தக் குறையை ஒரு பிளேடால் சரிசெய்திருக்கிறார்.

அவருக்கு மட்டும் என்றால் இரண்டு கட்டைக்கு வேண்டிய நிஷாதத்தையும் (நி), அதாவது ஒன்றரைக் கட்டையையும், இறக்கியிருக்கலாம். அதைத் தொடவே இல்லை. ஏன் என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை பாடுவது ஐந்து கட்டை. என் மனைவியும் அவள் அக்காவும் அதே ஐந்துதான். ஐந்து கட்டையில் ஸட்ஜம் வைத்தால் ஏழு கட்டை காந்தாரம் ஆகிறது; நாலரை நிஷாதம் ஆகிறது. அங்கேயும் இறங்கியிருக்க வேண்டிய சுரங்கள் அதே இரண்டுதான், அளவும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டு கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் பொதுவான இரண்டு சுரங்களை மட்டும் எடுத்து இறக்கியிருக்கிறார். வீட்டில் யார் பாடினாலும் சேரும். மற்றச் சுரங்கள் எதுவும் கெடாது.

அத்தைக்கு அந்த வேலை நன்றாக நினைவிருந்தது. "தம்புராவை ஒரு பக்கம் மீட்டச் சொல்லுவாரு. என்னைக் காந்தாரத்துல நில்லும்பாரு. நான் நிப்பேன். அவரு ரீடை ஊதிப் பாப்பாரு, பிளேடால ரெண்டு இழுப்பு இழுப்பாரு, மறுபடி ஊதுவாரு. எனக்கு மூச்சு முட்டும். போதுங்க, சோறு குழையுதுன்னுட்டு எந்திரிச்சுப் போனா, சின்னவளை உக்கார வெப்பாரு." சின்னவள் என் மனைவி. அவளுக்கும் நினைவிருக்கிறது. பழம்பஞ்சுரப் பண்ணில் அப்பா தேவாரம் சொல்லிக்கொடுத்ததும், பெட்டியோடு சேர்ந்து காந்தாரத்தில் நிற்கும்போது குரல் தானாக வழுக்கி உட்கார்ந்துகொள்ளும் என்பதும். மற்ற ஆர்மோனியங்களில் அப்படி வருவதில்லை என்று அவள் முன்பே பலமுறை சொல்லியிருக்கிறாள். நான்தான் அதை அப்பாமேல் இருக்கும் பாசம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் அந்த 12 ரீடுகளைத் திருத்தவில்லை. செயலி சிவப்பு காட்டினால் காட்டட்டும். மற்ற 62ஐயும் அளவுக்குக் கொண்டுவந்தேன். புதிதாகப் போட்ட ரீடு ஐந்து கட்டை. அது எல்லார் பாட்டுக்கும் வேண்டியது என்பதால் செயலியை நம்பாமல் தம்புராவோடும் ஒத்துப் பார்த்தேன்.

நோட்டுப் புத்தகத்தில் குருவிக் குரல்களுக்குப் பக்கத்தில் அவர் எழுதியிருந்த கட்டை எண்களும் இப்போது அர்த்தமாகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுங்கை சிப்புட்டை அடுத்த லாசா பக்கம் ஆற்றோரமாக நடப்பார். பாராவ்-பாராவ் குருவி பாடினால் எல்லாரையும் நிற்க வைத்துவிடுவார். அந்தக் குரலைத் தலையிலேயே ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, குளிப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து எந்தக் கட்டை என்று தேடுவார். "ஏழில் தொடங்கி ஐந்தில் இறங்குகிறது, நடுவில் பெட்டியில் இல்லாத சுரம்" என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. நல்ல பாட்டுக் குருவி என்பதற்காகவே அதைப் பிடித்துக் கூண்டில் போட்டுப் போட்டு, 2018இல் மிக அருகிய இனங்களின் பட்டியலுக்கே போய்விட்டது. அவர் காலத்தில் ஆற்றங்கரையில் கேட்ட குரல். அவர் எழுதி வைத்த அந்தப் பக்கங்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

செலவு: ஆட்டுத்தோல் 70 வெள்ளி, துருத்தித் துணி 15, கட்டைகளுக்கு அடியில் வைக்கும் கம்பளித் துணி 18, ரீடு 24, பசை 9, பித்தளை ஸ்குரூ 14, கம்பி 6. மொத்தம் 156 வெள்ளி. ஃபீலர் கேஜும் குழாயும் என்னிடம் இருந்தவை, கத்தி மாமாவுடையது. வீணான முதல் தோலின் விலையை இதில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை செய்தால் சிலவற்றை மாற்றிச் செய்வேன். தோல் வாங்கும் முன் கன அளவுகோலைக் கையோடு எடுத்துப் போவேன். துருத்தியை முழுக்கப் பிரிக்காமல் ஒரு நேரத்துக்கு ஒரு மூலையாகச் செய்வேன், சட்டம் கோணாமல் இருக்கும். ரீடுகளை அளந்து முடிக்கும் வரை எதையும் சுரண்டமாட்டேன். இதை இந்த முறையும் கடைப்பிடித்தேன், இல்லையென்றால் 12 ரீடும் போயிருக்கும். பழைய பெட்டி எதைத் திறந்தாலும் முதலில் எல்லாச் சுரத்தையும் அளந்து எழுதிவிட்டு, அந்த வீட்டில் யார் எந்தக் கட்டையில் பாடினார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

ஈரத்துக்கு இப்போதைக்குப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், பூச்சிக்குக் கொஞ்சம் கிராம்பும் வைத்திருக்கிறோம். தினமும் வாசிப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது. மகள் அதைப் பார்த்துக்கொள்கிறாள், ஐந்து கட்டையில் சரளி வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது. மேல் ஸ்தாயிக் கட்டைகளைச் சேர்த்து இழுக்கும் கப்ளர் இன்னும் வேலை செய்யவில்லை. அதன் கம்பிகளில் பாதி இல்லை. எஃகுக் கம்பி மிச்சம் இருக்கிறது, தீபாவளி வேலைகள் முடிந்ததும் அதைத் தொட வேண்டும்.